அஞ்சாவது மாடி வரைக்கும்

லிஃப்ட் மெக்கானிக் பொய் சொல்ல மாட்டார். அவரிடம் உள்ள பெரிய தொல்லையே அதுதான். உண்மையையே வளைத்து நெளித்துப் பேசுகிற மனிதரோடு யார் சண்டை போடுவது?

"கூட்டத்துக்குப் போனீங்களா?" என்று போன சனிக்கிழமை மனைவி கேட்டாள்.

"அஞ்சாவது மாடி வரைக்கும் போனேன்."

இருபது வருஷம் குப்பை கொட்டியவள் விடுவாளா? "லிஃப்ட்ட விட்டு எறங்குனீங்களா?"

மனிதர் எங்கே இறங்கினார்? குடியை விட்டவர்கள் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடுகிற இடத்தை நாலு பேரிடம் விசாரித்து, விலாசம் எழுதிக் கையில் கொடுத்தவள் அவள். முதல் வாரம் போனார். ஐந்தாவது மாடியில் லிஃப்ட் கதவு கரகரவென்று திறந்தது. அந்தச் சத்தம் போதாதா! நாலு தடவை மேலும் கீழும் போய்வந்து, கதவுக்கு எண்ணெய் விட்டுத் திரும்பிவிட்டார். அடுத்த வாரம் ஒரு பொத்தான் ஆடியது. அதை முடுக்கியதோடு சரி.

"இருபத்தோரு நாளா தொடலையே! நானே சமாளிச்சுக்குவேன்."

"போன வருஷம் நாப்பது நாள் சமாளிச்சீங்க. நாப்பத்தோராவது நாள் உங்கள நான் சமாளிச்சேன். வர்ற சனிக்கிழமை அந்த ரூமுக்குள்ள போய் உக்காரலன்னா எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் கூப்பிட வராதீங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. வெள்ளிக்கிழமையே பெட்டியைக் கட்டி வாசலருகே வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை அவருக்கு லீவு. இருந்தாலும் சாமான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். தெரிந்தவர் யாராவது பார்த்தால் லிஃப்ட் பார்க்க வந்ததாக நினைத்துக்கொள்ளட்டுமே! எப்பேர்ப்பட்ட மூளை பாருங்கள்.

கட்டட வாசலில் காவலாளி ஓடி வந்தார். "வாங்க வாங்க! இப்பத்தான் உங்க ஆபீசுக்கு போன் பண்ணேன், அதுக்குள்ள வந்துட்டீங்களே! ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல நாலு பேர் மாட்டிக்கிட்டாங்க."

மெக்கானிக் அடித்துப் பிடித்து மூன்றாவது மாடிக்கு ஓடினார். சாவி போட்டு வெளிக்கதவை ஒரு விரல்கடை திறந்தார். மாட்டிக்கொண்டவர்களிடம் முதலில் பேச வேண்டும், கருவியில் கை வைப்பதெல்லாம் அப்புறம்தான். அது அவர் தொழிலில் எழுதாத சட்டம்.

"பயப்படாதீங்க, நான் வந்துட்டேன். எல்லாரும் எந்த மாடிக்குப் போறீங்க?"

"அஞ்சாவது மாடி!" என்றது ஒரு பெண் குரல். "குடிய விட்டவங்க கூட்டம். நான் தையல்கடைக்காரி. எங்க பஸ் டிரைவர் இங்க கதவைத் தள்ளிப் பாக்கறேன்னு குதிக்கிறாரு. நீங்களே ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

மெக்கானிக்குக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யோவ் டிரைவரே, கைய எடும்! உள்ள மாட்டுனவங்க தானா வெளிய வரப் பாத்தாதான் ஆபத்து. எவ்ளோ கெட்டிக்காரனா இருந்தாலும் சரி! மணியடிச்சுக் கூப்பிடணும், வெளியில இருக்கறவன் வர்ற வரைக்கும் பொறுமையா இருக்கணும். அதுல என்னய்யா வெக்கம்?"

உள்ளே குபீரென்று சிரிப்பு. "இதத்தாங்க வாராவாரம் மேல பேசறோம்!" என்றார் டிரைவர்.

மெக்கானிக் சிரிக்கவில்லை. நானே சமாளிச்சுக்குவேன் என்று மனைவியிடம் மார்தட்டியது ஞாபகம் வந்தது. ஐயோ, நானும் இத்தனை வருஷமாக உள்ளேயிருந்து கதவைத்தானே தள்ளிக்கொண்டிருக்கிறேன் என்று அவருக்கு உறைத்தது.

மொட்டைமாடி மோட்டார் அறைக்கு ஓடி மெயின் சுவிட்சை அணைத்தார். காவலாளி பிரேக்கை விடுவித்துப் பிடித்துக்கொள்ள, இவர் சக்கரத்தைக் கையால் சுற்றி, கூண்டை அங்குலம் அங்குலமாக மூன்றாவது மாடிக்கு ஏற்றினார். கீழே வந்து கதவைத் திறந்தார். நாலு பேரும் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார்கள்.

"மகராசனா இருங்க," என்றாள் தையல்கடைக்காரி. "கூப்பிட்ட ஒடனே வந்துட்டீங்களே! பக்கத்துலதான் வேலையா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். தோளில் பை இருக்கிறது. காவலாளி வேறு பக்கத்தில் நின்று வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வீட்டு வாசலருகே நிற்கிற பெட்டி கண்முன் வந்தது.

"இல்லீங்க," என்றார். "நானும் அஞ்சாவது மாடிக்குத்தான் வந்தேன். மூணு வாரமா வந்துக்கிட்டிருக்கேன்."

ஒருத்தரும் ஆச்சரியப்படவில்லை. டிரைவர் அவர் தோளிலிருந்து பையைக் கழற்றிக் காவலாளியிடம் கொடுத்தார். "நான் அஞ்சு வாரம் கீழ டீக்கடையிலேயே உக்காந்திருந்தேன். வாங்க, நேரமாச்சு."

"லிஃப்ட்ட இப்ப யாரும் தொடாதீங்க," என்றார் மெக்கானிக். "படியிலயே போயிடலாம்."

மத்தியானம் வீட்டுக்குப் போனபோது மனைவி செருப்பு மாட்டித் தயாராக நின்றிருந்தாள்.

"லிஃப்ட்ட விட்டு எறங்குனீங்களா?"

"லிஃப்டே இல்ல. படியேறிப் போனேன். போய் உக்காந்தேன். பேசக்கூடப் பேசினேன்."

முதல் மாடிக்குக்கூட லிஃப்ட் வரட்டும் என்று காத்திருக்கிற ஜென்மம்! அவரை மேலும் கீழும் பார்த்தாள். சட்டை வேர்வையில் தெப்பலாக நனைந்திருந்தது. அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. செருப்பைக் கழற்றினாள்.

"அந்தப் பெட்டிய உள்ள கொண்டு வைங்க."

தூக்கினார். கை இழுத்துக்கொண்டு போனது. "அம்மாடி! நெஜமாவே எல்லாத்தையும் கட்டிட்டியா?"

"பின்ன? வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வர்றதுக்கு நான் என்ன லிஃப்ட் மெக்கானிக்கா?"