செரென் மென்று முடிக்கும்வரை

வேல்ஸ் மலையடிவாரத்தில் எங்கள் லான்வெத் ஊரில், செரென் என்ற பசுவின் இதயம் நாளுக்கு ஒரே ஒரு தடவை, பகல் பன்னிரண்டு மணிக்குத் துடிக்கும். தபால்காரர் அதன் விலாவில் காதை வைத்துத்தான் கடிகாரத்தைச் சரிசெய்வார். இரண்டு நிமிடம் வித்தியாசம் வந்தால் கடிகாரத்தைத்தான் திட்டுவோம்.

இது 1931இல், பூ ஞாயிறுக்கு முந்தின நாள் தொடங்கியது. பூ ஞாயிறன்று ஊரே கல்லறைகளைக் கழுவிப் பூ வைக்கும். அதற்குள் தேவாலய முற்றத்து யூ மரத்தின் கிளைகளைக் கழித்துவிடுவது தோட்டக்காரன் இத்ரிஸின் வேலை. ஆயிரத்து அறுநூறு வயது மரம். பொந்துக்குள் எட்டுப் பேர் நிற்கலாம். சிவப்புப் பழத்தின் சதையைத் தவிர இலை, பட்டை, கொட்டை எல்லாம் விஷம். காய்ந்த தழைகூட மாட்டைக் கொல்லும். அதனால் கழித்ததை முற்றத்திலேயே குழியில் போட்டு எரிப்பார்கள். அன்று பார்த்து மழை, தீ பிடிக்கவில்லை. ஈஸ்டர் முடிந்ததும் தான் கட்டிக்கொள்ளப்போகிற தெக்வென் மறுநாள் வருவாள், அவள் அப்பாவின் கல்லறை பளிச்சென்று இருக்க வேண்டுமே என்ற அவசரத்தில், இத்ரிஸ் தழையை வாரிச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசினான். அங்கே மேய்ந்துகொண்டிருந்தது தெக்வெனின் ஒரே பசுவான செரென்.

இனிப் பிழைக்காது என்று மாட்டு வைத்தியர் பையைத் திறக்கவே இல்லை. ஆனால் செரென் விழவில்லை. வாயில் தழையோடு அப்படியே நின்றது. தாடை இடப்பக்கம் போக ஒரு வருடம், வலப்பக்கம் வர ஒரு வருடம் ஆனது. "மரம் அதுக்குத் தன் நிதானத்தக் குடுத்துடுச்சு," என்றார் பாதிரியார்.

"தெரியாம செஞ்சுட்டேன் தெக்வென்," என்று இத்ரிஸ் அழாத குறையாகச் சொன்னான்.

"அது வாயில இருக்கறத முழுங்கட்டும். அப்புறம் கல்யாணத்தப் பத்திப் பேசு."

"பசுவப் பாத்துக்கவாவது வரலாமா?"

"பசுவுக்காக வா. எனக்காக வராதே."

தினமும் வந்தான். முதுகில் படர்ந்த பாசியைத் தேய்த்தான், கொம்பில் கூடு கட்டிய குருவிகளோடு சண்டை போட்டான், பனிக்குச் சாக்குப் போர்த்தினான். மதுக்கடையில் எல்லோரும், "என்னப்பா மாப்பிள்ளை, முழுங்கிடுச்சா?" என்று கேட்பார்கள். "மென்னுக்கிட்டு இருக்கு," என்பான். ஐந்தாவது வருடம் சுவர்மேல் ஒரு கோப்பைத் தேநீர் தோன்றியது. ஒன்பதாவது வருடம் பக்கத்தில் கேக். தெக்வென் மட்டும் அவன் முகத்தை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. போர் வந்தது, போனது.

1953 ஏப்ரலில் கவளம் தொண்டைக்குள் இறங்கியது. ஊரே சுவரோரம் கூடியது. விஷம் உள்ளே போனால் செத்துவிடுமே! செப்டம்பரில் அது வயிற்றைத் தொட்டது. மறுநாள் பன்னிரண்டுக்கு, ஒரு விலாவில் இத்ரிஸும் மறுவிலாவில் தெக்வெனும் காதை வைத்து நின்றார்கள்.

துடித்தது.

"முழுங்கிடுச்சு," என்றான் இத்ரிஸ்.

தெக்வென் பசுவின் முதுகுக்கு மேலாக எட்டி, இருபத்திரண்டு வருடம் கழித்து அவனை நேராகப் பார்த்தாள். "இன்னும் அதே கோட்டுதானா? கல்யாணத்துக்காவது வேற வாங்கித் தொலையேன்யா!"

திருமணத்தன்று மணி அடித்ததும் செரென் வாயைத் திறந்து கத்தத் தொடங்கியது. இன்னும் முடிக்கவில்லை. தேவாலயப் பாடகர்கள் அதிலிருந்துதான் சுருதி எடுக்கிறார்கள்.