சட்டப்படி வந்த மகள்

கண்ணாடிக் கடைக்காரருக்கு மகள் வந்து சேர்ந்தபோது அவளுக்கு வயது இருபத்தெட்டு. மாடியில் குடியிருந்த நர்ஸ் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன மறுநாள் காலை, ஒரு பெட்டியும் குடையுமாக டாக்சியிலிருந்து இறங்கி, "அப்பா, சில்லறை இருக்கா?" என்று கேட்டாள். அவர் சட்டைப்பையைத் துழாவிக் கொடுத்தார். அவருக்கும் அவர் மனைவிக்கும் அதுவரை பிள்ளையே கிடையாது.

புது வாடகைச் சட்டம் வந்த வருஷம் அது. நினைத்த நேரத்தில் வாடகையை ஏற்றக்கூடாது, முன்கூட்டிச் சொல்லாமல் குடியிருப்பவர் வீட்டுக்குள் நுழையக்கூடாது, தண்ணீரை நிறுத்தக்கூடாது, காரணமில்லாமல் காலி செய்யச் சொல்லவே கூடாது. இதையெல்லாம் வீட்டுக்காரர்கள் சலூனில் உட்கார்ந்து, யாரோ செத்துப்போன மாதிரி பேசிக்கொண்டார்கள். ஒரே ஒரு வழி இருந்தது. சொந்தப் பிள்ளைகள் குடியிருக்க வேண்டுமென்றால் காலி செய்யச் சொல்லலாம். அந்த மாதம் தெருவில் பாதிப் பேருடைய பிள்ளைகளுக்கு ஊர்ப்பாசம் பொங்கி வழிந்தது. அது பிள்ளைகளுக்குத்தான் தெரியாது. நர்ஸ்மேல் கடைக்காரருக்கு ஒரு குறையும் இல்லை. நாலு பேர் செய்கிறார்களே, நாம் மட்டும் ஏமாளியாக இருப்பானேன் என்கிற பயம்தான். வாடகை அலுவலகத்தில் குமாஸ்தா "யாருக்கு வீடு?" என்று கேட்டதும், முன்னால் நின்றவர் சொன்னதையே இவரும் சொன்னார். "மகளுக்கு." படி இறங்கும்போதுதான் தனக்கு மகள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. திரும்பி ஏறச் சோம்பலாக இருந்தது.

நர்ஸ் சண்டை போடவில்லை. "பொண்ணு இருக்கா சார்? சொல்லவே இல்லையே! நல்லா இருக்கட்டும்," என்றாள். பழைய பஸ் டிரைவரான, கால் விழுந்துபோன அவளுடைய அப்பாவை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நாலாவது மாடியில் ஒற்றை அறை கிடைத்தது. லிஃப்ட் வேலை செய்யாத கட்டடம்.

மகளைத் தெருவில் யாரும் கேள்வி கேட்கவில்லை. முனிசிபாலிட்டியில் தேடியபோது பிறப்புப் பதிவும் ஒழுங்காக இருந்தது. கடைக்காரரின் மனைவி அவளை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்து, "மூக்கு என்னோடது," என்று முடிவு செய்தாள். இருபத்தெட்டு வருஷத்துக் கொஞ்சலையும் திட்டையும் ஒரே மாதத்தில் கொடுத்துத் தீர்க்கப் பார்த்தாள். "ஏங்க, வயித்துல சுமக்கலைன்னா என்ன, வாசல்ல வந்து நின்னுட்டாளே," என்று அழுதாள். புருஷன் அலுவலகத்தில் சொன்ன பொய் அவளுக்குத் தெரியாது. தேள் கொட்டிய திருடன் மாதிரி அவர் வாயை மூடிக்கொண்டு இருந்தார். உண்மையைச் சொன்னால், சொன்ன நிமிஷமே மகள் இல்லாமல் போய்விடுவாள் என்று அவர் உறுதியாக நம்பினார். மனைவி அதைத் தாங்கமாட்டாள்.

அப்படியே வருஷம் ஓடியது. மழைக்காலத்தில் ஒருநாள் நர்ஸின் அப்பாவுக்கு மூச்சுத் திணறியது, நாலு மாடி இறக்குவதற்குள் உயிர் போய்விட்டது என்று சலூனில் சொன்னார்கள். கடைக்காரர் பாதி முடி வெட்டிய தலையோடு எழுந்து வாடகை அலுவலகத்துக்குப் போனார்.

"பொய் சொல்லிட்டேன் சார். எனக்குப் பொண்ணே கிடையாது."

அதிகாரி நிதானமாகக் கேட்டார். "இப்ப மாடியில யாரு இருக்கா?"

"என் பொண்ணு."

"அப்புறம் என்ன பொய்?" பிள்ளைகளுக்கென்று காலி செய்ய வைத்துவிட்டு வேறு ஆளுக்கு வாடகைக்கு விட்டவர்களுக்குத்தான் அபராதம், தெருவில் பாதிப் பேர் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவர் விளக்கினார். "உங்களை மாதிரி எல்லாரும் இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல சார்," என்று கைகுலுக்கி அனுப்பினார்.

அங்கிருந்து நேராக நாலு மாடி ஏறினார். எல்லாவற்றையும் நர்ஸிடம் சொன்னார், மூச்சு வாங்க, ஒன்றையும் மறைக்காமல். "மாடிக்கே திரும்பி வந்துடும்மா," என்றார்.

"அப்ப உங்க பொண்ணு எங்க போவா?"

அவர் பாதி வெட்டிய தலையைத் தடவிக்கொண்டார்.

"எங்கப்பாவுக்கு உங்க மேல கோவமே இல்ல சார். படுக்கையில கிடக்கும்போதும், 'அந்தப் பொண்ணுக்கு வீடு வசதியா இருக்கா, மழைக்குச் சமையல் ரூம்ல ஒழுகுமே, சொன்னியா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார்," என்றாள் நர்ஸ். பிறகு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று கதவைச் சாத்தினாள்.

வீட்டுக்கு ஓடினார் என்றே சொல்ல வேண்டும். உண்மையை இரண்டு இடத்தில் சொல்லியாகிவிட்டது. மகள் இருக்கமாட்டாள், மனைவி தலையில் அடித்துக்கொண்டு நிற்பாள் என்று நினைத்தபடியே தெருமுனை திரும்பினார். மகள் படியில் நின்றுகொண்டிருந்தாள். "எங்கப்பா போனீங்க? தலை ஏன் இப்படி இருக்கு? சாப்பாடு ஆறிப்போச்சு, வாங்க," என்றாள். அவளைப் பார்த்ததும் பொங்கிய சந்தோஷத்தில் அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். மகள் பரிமாறினாள். நல்ல பசி. இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.