பான்டியாக்கின் கூரைத் துணி

எனக்கு வாய் நீளம். மத்தான்சாஸ் என்ற கடலோர ஊரில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ரொட்டி வரிசையில் முந்தப் பார்த்தவன், தண்ணீர் லாரியை எங்கள் வீட்டைத் தாண்டி ஓட்டிப் போனவன், பன்றியை அடுத்தவர் வாசலில் கட்டியவன், எல்லோரும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். அப்படிப்பட்டவளைத் தன் பிள்ளை என்று உரிமை கொண்டாடியது எந்தச் சாமி தெரியுமா? ஒபதலா. சத்தம் என்றாலே ஆகாத சாமி.

போன வருடம் எனக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. பிழைத்து எழுந்ததும் நேர்ந்துகொண்டபடி சடங்கு செய்து அந்தச் சாமியை ஏற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொண்டால் ஒரு வருடம் தலைத்துணியிலிருந்து செருப்பு வரை வெள்ளை மட்டும்தான். உச்சி வெயிலில் வெளியே தலைகாட்டக் கூடாது. யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. ‘இயாவோ’, அதாவது மணப்பெண், என்றுதான் அழைக்க வேண்டும். கட்டிய புருஷனும் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் மேலே, யார் என்ன செய்தாலும் கோபப்பட்டுக் கத்தக் கூடாது. மீறினால் விரதம் உடைந்துபோகும், மறுபடி முதலிலிருந்து தொடங்கு என்று எனக்குச் சாமி ஏற்றிவைத்த ஞானத்தாய் எர்மினியா சொல்லிவிட்டாள். எர்மினியா சொன்னால் சொன்னதுதான்.

இந்த வருடத்தைப் பார்த்துத்தான் என் புருஷன் எவேலியோ தன் பழைய பான்டியாக் காரை முழுதாகப் புதுப்பிக்க முடிவெடுத்தார்.

கார் எங்கள் முன்னறையில்தான் வசிக்கிறது. வெளியே விட்டால் பாதியைக் கடல் காற்று தின்னும், மீதியைத் திருடன் தின்பான். அதற்காக அவர் முன் சுவரை இடித்து, தேவாலயத்துக்கு வைப்பதைப் போல ஒரு கதவு வைத்தார். சோபாவுக்கு இடமில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் காரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துதான் காபி குடிப்பார்கள். பாதிரியார்கூட அங்கே உட்கார்ந்திருக்கிறார். காரின் உடம்பு ஐம்பத்து மூன்றாம் வருடத்து அமெரிக்க உடம்பு, உள்ளே துடிப்பது ரஷ்ய லாரி எஞ்சின். பிரேக்குக்கு எண்ணெய் கிடைக்காத நாட்களில் எதை ஊற்றுகிறார் என்று நான் கேட்பதில்லை. என் ஷாம்பு குறைந்திருக்கும், அதோடு விட்டுவிடுவேன்.

மூன்றாம் மாதச் சடங்கு ஒரு சனிக்கிழமை வந்தது. அன்று ஞானத்தாய் வீட்டுக்குக் கணுக்கால் வரை பாவாடை, முழுக்கை ரவிக்கை, தோளுக்குத் துண்டு என்று மாசு மறுவில்லாத வெள்ளையில் போய் நிற்க வேண்டும். இரவல் துணி கூடாது. வெள்ளிக்கிழமை காலையில் என் வெள்ளைத் துணி அத்தனையையும் துவைத்து, பின்கட்டு முற்றத்தில் கொடி நிறையக் காயப்போட்டேன். உடம்பில் இருந்தது கையில்லாத ஒரு பழைய வெள்ளை நைட்டி மட்டும்.

எவேலியோவுக்கும் அந்தச் சனிக்கிழமைமேல் கண் இருந்தது. கதவைத் திறந்து, புதுப் பெயிண்ட் அடித்த பான்டியாக்கில் என்னை உட்காரவைத்து, ஊர் பார்க்க ஞானத்தாய் வீட்டுக்கு ஓட்டிப்போக வேண்டும் என்று ஆசை. பட்டி பார்த்து, தேய்த்து எல்லாம் முடிந்திருந்தது. பெயிண்ட் அடிக்கும் துப்பாக்கிக்குக் காற்று கொடுப்பது பழைய ஃபிரிட்ஜிலிருந்து கழற்றிய கம்ப்ரசர். அதற்குக் கரண்ட் வேண்டும். கரண்டோ மூன்று நாளாக இல்லை.

வெள்ளிக்கிழமை சரியாக உச்சி வேளையில் கரண்ட் வந்தது. தெருவே கைதட்டியது. நான் உள்ளறையில் அடைந்து கிடந்தேன். அந்த வேளையில் முற்றத்துக்குப் போகக் கூடாதே. முன்னறையிலிருந்து அகல நடை வழியாகக் காரை முற்றத்துக்குத் தள்ளும் சத்தம் கேட்டது. ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் லொடலொடவென்று ஓட ஆரம்பித்தது. பிறகு ‘உஸ்’ என்று ஒரு சீறல். மனுஷன் சந்தோஷமாக விசிலடிப்பதும் கேட்டது.

“எவேலியோ, கொடியில துணி இருக்குய்யா” என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தேன்.

“இருக்கு, இருக்கு. ரொம்ப உபயோகமா இருக்கு” என்றார்.

அந்தப் பதிலைக் கேட்டதும் கடிகாரத்தைப் பார்த்தேன், உச்சி சாய இன்னும் நேரமிருந்தது.

உச்சி சாய்ந்த பிறகு வெளியே போய்ப் பார்த்தேன். எங்கள் முற்றத்தில் ஒரு மாமரம் உண்டு. அது பூவையும் தூசியையும் கொட்டிக்கொண்டே இருக்கும். ஈரப் பெயிண்டில் ஒரு பூ விழுந்தாலும் வேலை கெட்டுப்போகும். ஆகவே என் புருஷன் காரைச் சுற்றிலும், மேலேயும், கூடாரம் கட்டியிருந்தார். என் படுக்கை விரிப்புகள், என் பாவாடைகள், என் ரவிக்கைகள், என் தலைத்துணிகள். துவைத்த வெள்ளைத் துணியில் பஞ்சு பறக்காதாம், அதனால் அதைவிடச் சுத்தமான திரை கிடைக்காதாம். வெளிப்பக்கம் வெள்ளையாகத்தான் இருந்தது. ஒரு பாவாடையை விலக்கினேன். உள்பக்கம் முழுக்க மாதுளைச் சிவப்பு.

கார் அழகாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எவேலியோ துப்பாக்கியைக் கையில் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தார், பிறகு பாவாடையைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“துவைச்சா போயிடும்ல?”

கார் பெயிண்ட். பத்து வருடம் மழையிலும் வெயிலிலும் போகக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கலந்த பெயிண்ட்.

என் தொண்டை வரை வந்துவிட்டது. முப்பது வருடமாகச் சேர்த்து வைத்திருக்கும் வார்த்தைகள் வரிசையில் நின்றன. ஒவ்வொன்றும் அவருடைய அம்மாவில் தொடங்கி அந்த ரஷ்ய எஞ்சினில் முடியக் கூடியது. பல்லைக் கடித்தேன். மூன்று மாதம் காப்பாற்றிய விரதத்தை ஒரு நிமிடத்தில் தொலைத்துவிட்டு எர்மினியாவின் முன்னால் போய் நிற்க முடியுமா? “சரி” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். நான் திட்டியிருந்தால்கூட அவர் அப்படி வெளிறிப்போயிருக்க மாட்டார்.

பக்கத்து வீட்டு ஒடாலிஸ் என் ஜன்னலுக்கு நேரே முற்றத்துச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

“இயாவோ, என் யூனிஃபார்ம் தரட்டுமா? வெள்ளைதான்.”

“முழங்காலுக்கு மேல நிக்கும்டி. இரவலும் ஆகாது.”

“அப்போ என்ன பண்ணப்போற? கடையில வெள்ளைத் துணியப் பாத்தே எவ்வளவு நாளாச்சு.”

“தெரியல. பொறுமையா இருக்கேன்.”

“நீயா?” என்றாள் ஒடாலிஸ். சிரிப்பை அடக்க முடியாமல் சுவருக்குப் பின்னால் மறைந்துகொண்டாள்.

எவேலியோ அலமாரியின் மேலிருந்து ஒரு நீளமான உருட்டை இறக்கினார். எனக்குத் தெரியும் அது என்ன என்று. காரின் உள்கூரைக்கு அடிக்கும் துணி. வெண்ணெய் மாதிரி வழவழவென்ற வெள்ளைப் பருத்தி. பழைய காலத்துக் கார்களில் இருந்த அதே நெசவு வேண்டும் என்று அடம்பிடித்து, அமெரிக்காவில் தாம்பா ஊரில் இருக்கும் தன் தங்கையை நச்சரித்து, யார் யாரோ பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தது. பூச்சி அரிக்காமல் புகையிலை வைத்துச் சுற்றி வைத்திருந்தார். என்னைக்கூடத் தொட விட்டதில்லை.

சாப்பாட்டு மேஜைமேல் அதை விரித்துப் போட்டார். கத்தரிக்கோலை எடுத்தார்.

“எந்திரிச்சு நில்லு. அளவெடுக்கணும்.”

“உனக்குப் பாவாடை தைக்கத் தெரியுமாய்யா?”

“சீட்டு தைக்கத் தெரியும். அதே மாதிரிதான்.” இடுப்பைச் சுற்றி டேப்பைப் பிடித்தார். “பின் சீட்டைவிட நாலு விரல் கம்மி.”

ஒடாலிஸ் மறுபடி சுவருக்கு மேலே வந்திருந்தாள். “எவேலியோ, அத சத்தமாச் சொல்லாத. விரதம் முறிஞ்சுடப்போவுது.”

கரண்ட் போவதற்குள் முடிக்க வேண்டும் என்று தையல் மெஷினை கடிவாளமில்லாத குதிரை மாதிரி விரட்டினார். சாயங்காலத்துக்குள் பாவாடை, ரவிக்கை, தோள்துண்டு, தலைத்துணி நான்கும் தயார். சீட்டுக்குப் போடுவதைப் போலவே ஓரமெல்லாம் இரட்டைத் தையல், மடிப்புகளில் கயிறு வைத்த கரை. லாரி ஏறினாலும் பிரியாது. போட்டுப் பார்த்தேன். கச்சிதமாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது. சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். அந்தத் துணிக்கு அவர் காத்திருந்தது எனக்குத் தெரியாதா?

சனிக்கிழமை காலை காரை முன்னறைக்குத் தள்ளிவந்து பெரிய கதவைத் திறந்தோம். கார்க் கதவுப் பக்கமெல்லாம் பெயிண்ட் இன்னும் ஒட்டியது. நான் ஏறுவதற்கு ஒடாலிஸும் அவள் மாப்பிள்ளையும் பாவாடையை நாலா பக்கமும் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். எதிர் வீட்டுக் கிழவர் போக்குவரத்துப் போலீஸ் போல நின்று, “இடது காலு, இப்போ தல, உரசாத, உரசாத” என்று உத்தரவு போட்டார். கூரையில் துணியில்லாமல் வெறும் தகரமும் கம்பிகளும் தெரிந்தன. ரொட்டி அடுப்புக்குள் உட்கார்ந்திருக்கும் சூடு. ஆனால் பாலத்தைத் தாண்டியபோது ஊரே திரும்பிப் பார்த்தது. எவேலியோ ஒரு கையால் ஓட்டினார், இன்னொரு கையை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட முடியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

சடங்கு நன்றாக நடந்தது. அங்கே நடப்பதை வெளியே சொல்லக் கூடாது, அதனால் சொல்லவில்லை. முடிந்ததும் சோறும் கோழியும் பரிமாறினார்கள். எர்மினியா என் அருகில் வந்து பாவாடையின் கரையை விரலால் தடவிப் பார்த்தாள்.

“இதத் தச்சது யாரு?”

“நான்தாம்மா” என்றார் எவேலியோ வாசல் பக்கமிருந்து. பிறகு கேட்காமலே எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். கூடாரம், மாதுளைச் சிவப்பு, கூரைத் துணி எல்லாம்.

எர்மினியா என் பக்கம் திரும்பினாள். “நீ கத்தினியா?”

“இல்லம்மா.”

“ஒரு வார்த்த?”

“‘சரி’ன்னு சொன்னேன்.”

அவள் தலையசைத்துப் பாராட்டினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக என் வாய்க்கு ஒரு பாராட்டு. ஆனால் எவேலியோ தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றார்.

“அம்மா, ஒண்ணு கேக்கலாமா? நான் சாமி கும்புடறவன் இல்ல. தப்பா எடுத்துக்காதீங்க.”

“கேளு.”

“இவ என்னைத் திட்டலாமா? ஒரே ஒரு தடவ?”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

“ஆஸ்பத்திரியில நெஞ்சக் கிழிச்சுத் தச்சாங்கல்ல, அதுக்கப்புறம் ஒரு வாரம் இவ பேசவே இல்ல. நான் சட்டையத் திருப்பிப் போட்டுக்கிட்டுப் போவேன், காபியக் கொட்டுவேன், வேணும்னே. சும்மா பாத்துக்கிட்டே கெடப்பா. செத்துருவான்னே நெனச்சேன். அப்புறம் ஒருநாள் காலையில, ‘கழுத, மொகத்தக் கழுவிட்டு வா’ன்னா. நான் வராந்தாவுல உக்காந்து அழுதேன். இப்போ மூணு மாசமா வீடு அமைதியா இருக்கும்மா. நேத்து அவ துணியப் பூரா நாசம் பண்ணினேன், ‘சரி’ன்னுட்டு உள்ள போயிட்டா. எனக்குப் பயமா இருக்கு.”

இதை அவர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. வேண்டுமென்றே காபியைக் கொட்டியது எனக்குத் தெரியாது. தடுமாறுகிறார் என்றே நினைத்திருந்தேன்.

எர்மினியா ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அவள் விதியை வளைத்து நான் பார்த்ததே இல்லை.

“கத்தக் கூடாது” என்றாள். “கோவமும் கூடாது. கெட்ட வார்த்த அறவே கூடாது. ஆனா உண்மைய மெதுவாச் சொல்றதுக்கு ஒபதலா எப்பவும் தடை சொன்னதில்ல.”

நான் எழுந்து போய் அவர் காதருகே குனிந்தேன். கோபம் இருக்கிறதா என்று நெஞ்சுக்குள் தேடிப் பார்த்தேன், துளிகூட இல்லை. தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவதைவிட மெல்லிய குரலில் ஆரம்பித்தேன். கொடியில் தொங்குவது துணியா, திரையா என்று பார்க்கத் தெரியாத கண்ணைப் பற்றிச் சொன்னேன். ரஷ்ய எஞ்சினுக்கு இருக்கும் அறிவில் பாதி அதை ஓட்டுகிறவனுக்கு இருந்தால் போதும் என்றேன். குறையும் ஷாம்புவைப் பற்றிச் சொன்னேன். முப்பது வருடத்துக்கும் சேர்த்து, ஒரு கெட்ட வார்த்தை இல்லாமல், ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கன்னத்தில் வழிந்ததைத் தொப்பியால் துடைத்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் கண்ணைத் திறக்காமலே என் கையைப் பிடித்தார்.

“இன்னும் சொல்லு” என்றார்.