ஒரே வாசல், இரண்டு முனைகள்

கருத்துக்கேட்புக் கூட்டத்தின் முதல் நாள், காலை பதினொன்றரை மணிக்கு, அட்டையால் செய்த ரயில் நிலையம் தானாகவே ஒரு கழிப்பறையை வளர்த்துக்கொண்டது. நடைமேடையின் கோடியில், நகத்தளவு கதவோடு, உள்ளே பை மாட்டும் கொக்கி உட்பட எல்லாம் கச்சிதமாக இருந்தது. அதற்கு ஒரு நிமிடம் முன்புதான் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் எழுந்து, "முப்பது வருஷம் அடக்கிக்கிட்டே டிக்கெட் கிழிச்சவன் நான். வேற எதுவும் கேக்கல, எறங்கினதும் ஒரு பாத்ரூம் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார். அட்டை லேசாக முனகியது, கதவு வந்தது. வந்திருந்த முப்பத்தெட்டுப் பேரும் அரசாங்கம் புதிதாக ஏதோ கருவி வாங்கியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டார்கள். பின்வரிசையில் ஒரு பெண் மட்டும், இது ஆண்களுக்கா பெண்களுக்கா என்று கேட்டாள். பக்கத்தில் இரண்டாவது கதவு வந்தது.

மாதிரியைச் செய்தவளுக்குத்தான் அது கருவி இல்லை, வெறும் அட்டையும் பசையும் என்று தெரியும். பதினாறு ஆண்டுகளில் ஆறு சுரங்க நிலையங்களை வரைந்தவள் அவள். அந்த ஆறையும் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் வரைந்து முடித்தவள். ஏழாவதற்கு மட்டும், மக்களைக் கேட்டுத்தான் வரைய வேண்டும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. ஆகவே அந்தச் சாலையில் மூடிக் கிடந்த ஒரு செருப்புக்கடையை வாடகைக்கு எடுத்து, ஆறடி மேசை போட்டு, மாதிரியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மேல் அட்டையில் சாலையும் கடைகளும் இருக்கும், அதைத் தூக்கினால் கீழே நிலையம். செருப்புப் போட்டுப் பார்க்கும் சாய்வுக் கண்ணாடிகள் இன்னும் கழற்றப்படாமல் இருந்ததால், கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒருவரை ஒருவர் முதலில் பாதத்தை வைத்தே அடையாளம் கண்டார்கள். அவளை நேரில் மேடம் என்றார்கள், முதுகுக்குப் பின்னால் அட்டை மேடம் என்றார்கள்.

ஒரு வாரத்தில் அவளுக்கு அந்த மாதிரியின் குணம் பிடிபட்டுவிட்டது. உண்மையில் வேண்டியதைச் சொன்னால் வளரும், பேச்சுக்குச் சொன்னால் அசையாது. குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர் ஒரு மணி நேரம் நின்றுகொண்டு பளிங்குத் தூண்கள், நீரூற்று, திறப்பாளர் பெயர்ப்பலகை என்று அடுக்கினார். அட்டை கல்லாக இருந்தது. களைத்துப்போய் உட்கார்ந்தவர், ஏறுறதுகூடப் பரவாயில்லை, இறங்கும்போதுதான் முட்டி உயிர்போகுது என்று பக்கத்து ஆளிடம் முணுமுணுத்தார். உடனே கீழே இறங்கும் பக்கத்தில் நகரும் படிக்கட்டு ஒன்று முளைத்தது. அவள் வரைந்த ஆறு நிலையங்களிலும் நகரும் படிக்கட்டு ஏறுவதற்கு மட்டும்தான் இருந்தது. இறங்குவது எளிது என்று எந்தப் புத்தகத்தில் படித்தோம் என்று அன்று முழுவதும் யோசித்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை. நாள் முழுக்கப் பிள்ளைகளின் அபஸ்வரத்தைக் கேட்டுக் கேட்டுக் காது நொந்த பாட்டு டீச்சர், தனக்குப் பத்து நிமிடம் எதுவும் காதில் விழாத ஓர் இடம் போதும் என்றார். தூணுக்குப் பின்னால் ஒரு பெஞ்சு வந்தது, அறிவிப்பு எதுவும் எட்டாத இடத்தில்.

இதற்கெல்லாம் இடம் விட்டுவிட்டு, அவளுடைய குவிமாடம் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. இரண்டு வருடமாக வரைந்த குவிமாடம் அது. பரிசு கிடைக்கும் என்று மேலதிகாரியே சொல்லியிருந்தார். மூன்று முறை ஒட்டினாள், மூன்று முறையும் உரிந்து மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டது. நான்காவது முறை அவள் பசையைக் கையில் எடுத்தபோது கண்டக்டர் கேட்டார், "எங்க எல்லார்கிட்டயும் கேட்டீங்களே மேடம், உங்களுக்கு என்ன வேணும்?" காற்றோட்டம், வெளிச்சம், அழகியல் என்று அவள் ஆரம்பித்தாள். அட்டை அசையவில்லை. முப்பத்தெட்டு ஜோடிச் செருப்புகளும் கண்ணாடியில் அவள் பக்கம் திரும்பியிருந்தன. கடைசியில், தான் கட்டிய ஆறு நிலையங்களிலும் ஒருவர்கூட நிமிர்ந்து பார்த்து அவள் பார்த்ததில்லை என்றும், யாராவது ஒருவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தால் போதும் என்றும் சொல்லிவிட்டாள். சொல்லும்போது காது மடல் சுட்டது. நடைமேடைக்கு மேலே குடை அகலத்தில் ஒரு சின்னக் குவிமாடம் எழும்பியது. குடை அகலம்தான், அதற்கு மேல் ஒரு அங்குலம் கிடையாது.

இதுவரை எல்லாம் சுமுகம். வம்பு வாசலில் வந்தது. ஒரு வாசலுக்குத்தான் தலைமை அலுவலகம் ஒப்புதல் தந்திருந்தது. சாலையோ எட்டு வழிச் சாலை, நடுவில் ஆளுயரச் சுவர், கடைப் படியில் ஏறி நின்றால்தான் அதற்கு மேலாக எதிர்ப்பக்கம் தெரியும். இந்தப் பக்கம் சலவைக்கடை, நேர் எதிரே அந்தப் பக்கம் மருந்துக்கடை. மருந்துக்கடைக்காரரின் தங்கையைத்தான் சலவைக்கடைக்காரர் கட்டியிருந்தார். மச்சானும் மாப்பிள்ளையும் பேசி ஒன்பது வருடமாகிறது. ஒரு குடும்பப் புகைப்படத்துக்கு நிற்கும்போது, மாப்பிள்ளை கொஞ்சம் உயரம், பின்னால் போய் நிற்கட்டும் என்று மச்சான் சொல்லிவிட்டார். அவ்வளவுதான் விஷயம். படத்தில் சலவைக்கடைக்காரர் இல்லை. அவர் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு திரைச்சீலை இருக்கிறது. சாலையை அகலப்படுத்திச் சுவர் எழுப்பியதும் அதே வருடம்தான் என்பதால் இருவருக்கும் வசதியாகப் போயிற்று. தங்கையை யாரும் தடுக்கவில்லை. சிக்னல் வரை போய்ச் சுற்றி வர ஐம்பது நிமிடம் ஆகும், அவளால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்று மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் இருந்தபடியே ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

கூட்டத்தில் சலவைக்கடைக்காரர் தன் பக்கம்தான் வாசல் வேண்டும் என்றார். மருந்துக்கடைக்காரர் நோயாளிகள் வருவது தன் பக்கம்தான் என்றார். ஆனால் அட்டை உள்மனதைக் கேட்கிற அட்டை. வாசல் எதிராளிக்குப் போய்விடக் கூடாது என்பதே இரண்டு பேருடைய உண்மையான விருப்பமாக இருந்ததால், இருந்த ஒரு வாசலும் மூடிக்கொண்டது. கழிப்பறை, பெஞ்சு, இறங்கும் படிக்கட்டு எல்லாம் இருந்தது, உள்ளே போக வழி இல்லை. அட்டை மேடம் கத்தியால் வெட்டிப் பார்த்தாள், ஒரு தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் வெட்டு மறுபடி மூடிக்கொண்டது. மூன்று வாரம் இப்படியே போனது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் முடிவான வரைபடம் வராவிட்டால் இந்த நிறுத்தமே ரத்து என்று தலைமைப் பொறியாளர் தொலைபேசியில் சொன்னார். ரயில் அடியில் போய்க்கொண்டுதான் இருக்கும், நிற்காது. மேலே இருப்பவர்களுக்கு அலமாரியில் பாத்திரம் ஆடுவது மட்டும் மிச்சம்.

கடைசிக் கூட்டம் வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு நடந்தது.  இன்னும் பேசாதவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று அட்டை மேடம் வழக்கத்துக்குக் கேட்டாள். தினமும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, வாயே திறக்காமல் எழுந்து போகும் சலவைக்கடைக்காரரின் மனைவி எழுந்தாள். அவள் எழுந்ததில் அவள் கணவருக்கே ஆச்சரியம்.

"எனக்கு ரயில் ஏறி எங்கயும் போக வேணாம் மேடம்," என்றாள். "எங்க அண்ணன் ரெண்டு மாசமா ஷட்டரை ஒரு கையாலதான் எறக்குறாரு. எடது கை மேல வரமாட்டேங்குது. நான் எங்க கடை வாசல்லருந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன். போய் என்னன்னு பாக்கணும். அவ்வளவுதான்."

மருந்துக்கடைக்காரரின் இடது கை வெள்ளைக் கோட்டின் பைக்குள் இருந்தது. ஒரு மாதமாக எல்லாக் கூட்டத்திலும் அது அங்கேதான் இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் அட்டை மேடத்தின் நினைவுக்கு வந்தது. அத்தனை நாளும் எல்லாரும் கண்ணாடியில் செருப்பைத்தான் பார்த்திருந்தார்கள். வெறும் தோள்பட்டை இறுக்கம், ஒன்றுமில்லை என்று அவர் மேசையைப் பார்த்துச் சொன்னார். சலவைக்கடைக்காரர் மச்சான் பக்கம் திரும்பவில்லை. அவளைப் பார்த்துச் சொன்னார், "ஒண்ணுமில்லாத கையை யாரும் பைக்குள்ள ஒளிச்சு வைக்க மாட்டாங்கன்னு சொல்லுங்க மேடம்." அவள் சொல்வதற்கு முன்பே அது போய்ச் சேர்ந்துவிட்டது.

அட்டை முனகத் தொடங்கியது. இந்த முறை முனகல் நீளமாக இருந்தது, மேசைக்கால்கூட அதிர்ந்தது. சலவைக்கடையின் பக்கச்சுவரை ஒட்டி ஒரு வாய் திறந்தது, மருந்துக்கடையின் படிக்குக் கீழே இன்னொன்று திறந்தது. மேல் அட்டையைத் தூக்கிப் பார்த்தால், எட்டு வழிச் சாலைக்கு அடியில் இரண்டையும் சேர்த்து ஒரு நடைபாதை. நிலையத்துக்கு இறங்கும் வழி அதன் நடுவில் பிரிந்தது. டிக்கெட் வாங்காமலே சாலையைக் கடந்துவிடலாம். பாட்டு டீச்சர் மூக்கைச் சிந்தினார். அதுகூடச் சுருதியோடு இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டார்கள்.

மறுநாள் தலைமைப் பொறியாளர் நேரில் வந்தார். கழிப்பறையை ஒன்றும் சொல்லவில்லை. வாசலை மட்டும் இரண்டு முறை எண்ணினார். இரண்டுக்கு ஒப்புதல் இல்லை, ஒன்றை எடுத்துவிடுங்கள் என்றார். தானே கட்டை விரலால் ஒன்றை அழுத்தி மூடப் பார்த்தார், இழுத்துப் பிய்க்கப் பார்த்தார், கூடவே மற்றதும் மேசையும் வந்தன. பதினாறு ஆண்டுகளாக அவர் சொன்னதற்கெல்லாம் சரி சார் என்று எழுதிக்கொண்டவள், இந்த முறை பேனாவை மூடி வைத்தாள். "இது ரெண்டு வாசல் இல்ல சார். ஒரே வாசல்தான், ரெண்டு முனை இருக்கு. கோப்புல அப்படியே எழுதிடலாம்." அவர் விதிப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அதில் முனைகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்று கண்டுகொண்டதும் கையெழுத்துப் போட்டார்.

தோண்ட ஆரம்பித்த ஏழாம் மாதம், ஆட்கள் சாலைக்கடியில் போனபோது நடைபாதை அங்கே ஏற்கெனவே இருந்தது. ஓடு பதித்து, விளக்கு எரிந்து, பெருக்கித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. ஒப்பந்தக்காரர் தன் வேலையை மண் செய்துவிட்டதே என்று நான்கு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் அதை முடிந்த வேலைகளின் பட்டியலில் சேர்த்துவிட்டார். திறப்புவிழாவுக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. சலவைக்கடைக்காரரின் மனைவி அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. தலையில் பாதுகாப்புத் தொப்பி, கையில் சாப்பாட்டுக் கூடை, அட்டை மேடம் பக்கத்தில் டார்ச்சோடு. வேலையாட்கள் எல்லாரும் அந்த நேரம் பார்த்துச் சுவரைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கடையின் படிக்கட்டடியில் ஏறி வெளியே வந்தவள் அண்ணனிடம் நலம் விசாரிக்கவில்லை. இடது கையைப் பிடித்து மெல்ல மேலே தூக்கிப் பார்த்தாள். தோள் வரைதான் வந்தது. "அன்னிக்கு ரெண்டு மாசம்னு நெனச்சேன், அப்பவே இது ஒரு வருஷமா இருந்திருக்கு" என்றாள். தினமும் காலையில் வந்து அந்தக் கையைத் தூக்கிப் பழக்கினாள். நிலையம் திறந்த அன்று மருந்துக்கடைக்காரர் இரண்டு கையாலும் ஷட்டரை ஏற்றினார். அதைச் சாலைக்கு எதிரே நின்று பார்த்த சலவைக்கடைக்காரர், இஸ்திரிப்பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவர் கண்ணைத் துடைத்ததை நீராவி என்று எடுத்துக்கொண்டார்கள்.

அதற்காக மச்சானும் மாப்பிள்ளையும் ஒரேயடியாகச் சமாதானமாகிவிட்டார்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பேசுவார்கள், நான்கு நாள் ஒழுங்காக இருப்பார்கள், ஐந்தாம் நாள் ஏதாவது ஒரு வார்த்தை தடித்துவிடும். தடித்த மறுநாள் நடைபாதை நீண்டுவிடும். முதல் முறை நானூற்றுப் பத்து மீட்டர் போய்விட்டது. ரயிலைத் தவறவிட்டவர்கள் புகார் எழுதினார்கள். அதிகாரிகள் வந்து நாடா பிடித்து மூன்று முறை அளந்தார்கள். மூன்றும் சரியாக இருந்ததால் கோப்பில் மேற்கொண்டு எழுத ஏதுமில்லை. அளவுக்கென்று பதிவேட்டில் ஒரு பத்தி ஒதுக்கி, காவலாளியிடம் ஒரு நாடாவைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதுமுதல் மின்தூக்கி வேலை செய்கிறதா இல்லையா என்று எழுதும் பலகையில், அதற்குக் கீழே, காலை ஆறு மணிக்கு இன்றைய நீளத்தையும் எழுதி வைக்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள் அதைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள் அல்லது குறைத்துக்கொள்கிறார்கள். அட்டை மேடம் இப்போது ஒன்பதாவது நிலையத்தில் மும்முரமாக இருக்கிறாள். அங்கும் கேட்டுத்தான் வரைகிறாள். இந்தப் பக்கம் வந்தால் முதலில் பலகையைத்தான் பார்க்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை சலவைக்கடையில் இஸ்திரி போட்ட துணிகளின் வரிசையில் ஒரு வெள்ளைக் கோட்டு தொங்கியது. சலவைக்கடைக்காரர் அதை வேறு யாரிடமும் கொடுத்தனுப்பாமல் தானே தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். பலகையில் பதினோரு மீட்டர் என்று எழுதியிருந்தது. மேலே சாலையின் அகலம் நாற்பது மீட்டர். கண்டக்டர் பலகையைப் படித்துவிட்டு, ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று இன்னொரு தேநீர் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.