அலமாரி இருந்த இடம்

"டிசம்பர் 9. சிறு தவறு: பத்து நிமிடத்தில் அளந்துவிடலாம் என்றேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது."

எழுதியதைப் படித்துப் பார்த்த நாரே, 'சிறு' என்பதை அடித்தாள். இறுதிச் சடங்குக் கூடத்தின் தரை அவள் காலுக்கடியில் இதமாகச் சூடேறியிருந்தது. அப்பா கீழ்த்தளத்தில், குளிர்ப்பெட்டியில் இருந்தார்.

காலையில் அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஜெச்சொன் ஊரிலுள்ள வீட்டின் உள்ளறையில், தரை நன்றாகச் சுடும் மூலையில்தான் ஆறு மாதமாகப் படுத்திருந்தார். அவர் போனதும் பழைய தரையை உடைத்து, அடியில் வெந்நீர் ஓடித் தரையைச் சூடாக்கும் புதுக் குழாய் பதிப்பதாக ஏற்பாடு. குழாய்க்காரர் வரைபடத்தை இன்றே கேட்டிருந்தார். அண்ணன் சாங்குக் சாக்குக்கட்டியோடு வந்தான்.

"தரைய அளக்கணும், அப்பாவ மெத்தையோட அந்தப் பக்கம் இழு. அலமாரிய எடுத்த இடம் சும்மாத்தானே கெடக்கு."

"அண்ணே, அலமாரிக்கு அடியில குழாயே போட்டிருக்க மாட்டாங்க. ஜில்லுனு இருக்கும்."

"அதுக்குள்ள செத்தா போயிடுவாரு? ரெண்டு மாசம் சாயங்கால பிளம்பிங் வகுப்புக்குப் போயிட்டு பெரிய இன்ஜினியர் மாதிரி பேசுற!"

"சரி, பத்து நிமிஷம்தான்." ஒரு முனையை அவளே பிடித்து இழுத்தாள்.

"மூலை..." என்றார் அப்பா.

தரையில் அண்ணன் போட்ட கோடுகளை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"குழாய்க்குக் குழாய் இருபது சென்டிமீட்டர் விட்டா நடுவுல குளிரும். பதினஞ்சு விடு. வெளிச்சுவர் ஓரமா இன்னும் நெருக்கமா."

"அடேங்கப்பா! பரவால்லையே நீ."

அந்தப் பாராட்டு பிடித்திருந்தது. சாக்குக்கட்டியை வாங்கி மண்டியிட்டு அவளே வரைந்தாள். குழாயின் நீளத்தைக் கூட்டினாள். சந்தேகம் வந்து மறுபடி கூட்டினாள்.

நிமிர்ந்தபோது அப்பாவின் கை போர்வைக்கு வெளியே, வெறும் தரையில் கிடந்தது. தொட்டாள். கையும் தரையும் ஒரே குளிர்ச்சியாக இருந்தன.

சாங்குக் குனிந்து பார்த்தான். பிறகு, "எப்படியும் இனிமே இந்த ரூமுக்குச் சூட்ட நிறுத்தணும்ல" என்று போய் வால்வைத் திருகினான். திரும்பும்போது கோடுகளை மிதிக்காமல் சுற்றி வந்தான்.

ஆட்களைக் கூப்பிட எழுந்த அவளும் சுற்றித்தான் போனாள்.

இப்போது கூடத்தில் அவன் எதிரே உட்கார்ந்து, துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் பரிமாறும் காரமான மாட்டுக்கறிச் சூப்பில் சோற்றைப் போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தான். துக்கம் கேட்க வந்த சித்தப்பாவிடம் கைபேசியை நீட்டினான்.

"நாரே போட்ட குழாய் வரைபடம், சித்தப்பா. ஒரு குத்தம் சொல்ல முடியாது."

"கெட்டிக்காரப் பொண்ணு. எங்கண்ணன் இருந்து பாக்கலையே."

சாங்குக்கின் விரலிலிருந்த சிவப்பு எண்ணெய் திரையில், அப்பாவின் அறைமேல் படிந்தது. அவன் அதைச் சட்டையில் துடைத்துவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டான். அவளையும் சாப்பிடச் சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று முறை கழுவிய கையில் இன்னும் சாக்குக்கட்டி வாசனை.

குறிப்பேட்டைத் திறந்து எழுதினாள்:

"நாளை காலை பத்து மணி: அப்பாவுக்குச் சணல்துணி உடுத்திப் பெட்டியில் வைப்பார்கள். உள்ளே கம்பளிக் காலுறை போட விடுவார்களா என்று கேட்க வேண்டும்."