செஞ்சோம், செஞ்சேன் ஆன கதை

லிஃப்ட் பழுதுபார்க்கும் கூடத்தில் அவருக்கு மாஸ்டர் என்று பெயர். லிஃப்ட் வேலையில் அவர் ஒன்றும் மாஸ்டர் இல்லை. எட்டுப் பேரில் ஒருவர், இரும்பு வடத்துக்குக் கிரீஸ் போடுகிறவர், அவ்வளவுதான். பட்டம் சாப்பாட்டு டப்பாவால் வந்தது.

திங்கட்கிழமை என்றால் அவர் டப்பாவில் பன்றி விலா இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஓவனில் மூன்று மணி நேரம் மெதுவாக வெந்து, கோலா ஊற்றிக் காய்ச்சிய சாஸைப் பூசிக்கொண்டு, கரி நெருப்பில் ஒரு சுற்று வாடி வந்த விலா. எலும்பைப் பிடித்து ஆட்டினால் கறி தானாகக் கழன்று விழும். முதல் வாரம் போர்மேன் ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "யாருய்யா செஞ்சது?" என்று கேட்டார். "வீட்ல செஞ்சோம்" என்றார் இவர். அதில் பெரிய பொய் இல்லை. கரியைப் பற்றவைத்தது இவர்தான்.

அடுத்த வாரம் அதே கேள்வியை ஸ்டோர் அக்கா கேட்டார். சாமான் அறைச் சாவி அவரிடம்தான். எண்ணித்தான் ஆணி கொடுப்பார், எண்ணித்தான் பேசுவார். வாயில் கறி இருந்ததாலோ என்னவோ, 'செஞ்சோம்' என்று வரவேண்டியது 'செஞ்சேன்' என்று வந்துவிட்டது. உடனே திருத்தியிருக்கலாம். அதற்குள் ஸ்டோர் அக்கா "அடேங்கப்பா" என்று சொல்லிவிட்டார். இருபது வருஷ வேலையில் இவரைப் பார்த்து ஒருவரும் அடேங்கப்பா சொன்னதில்லை. மனுஷன் அங்கேயே உருகிப்போனார்.

அப்புறம் மூன்று வருஷம் செஞ்சேன், செஞ்சேன் என்றே ஓடியது. விலாவின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சவ்வை எப்படி உரிப்பது, தீ எவ்வளவு இருக்கவேண்டும் என்றெல்லாம் வகுப்பெடுத்தார். "அவசரப்பட்டா கறி கோவிச்சுக்கும்" என்று மனைவி அடுப்பங்கரையில் சொல்லும் வார்த்தையைக்கூட விட்டுவைக்கவில்லை; தன்னுடையதைப் போல எடுத்துவிட்டார். சமையலைத் திருடியது போதாதென்று பேச்சையும் திருடினார்.

போன வாரம் போர்மேன் பிடித்துக்கொண்டார். "ஞாயித்துக்கெழம நானும் ஸ்டோர் அக்காவும் உங்க வீட்டுக்கு வர்றோம். நீங்க செய்யறத நேர்ல பாக்கணும் மாஸ்டர்." வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவருக்கு ஒரு யோசனை வந்தது. இந்த ஒரு தடவை நிஜமாகவே தானே செய்துவிட்டால்? பொய் பின்தேதியிட்டு உண்மையாகிவிடும் என்று நினைத்தார், பாவம்.

ஞாயிறு காலையில் மனைவியிடம், "இன்னிக்கு நான் செய்யறேன். நீ இந்தப் பக்கமே வராத" என்றார்.

"என்ன திடீர்னு?"

"சும்மாதான். உனக்கும் ஒருநாள் ரெஸ்ட் வேணாமா?"

அவள் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளர். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களுக்கு நடுவில் வாயை மூடிக்கொண்டிருந்து பழகியவள். துணி மடிக்கப் போய்விட்டாள்.

சவ்வை உரித்து, உப்பும் மிளகும் தேய்த்து, அலுமினியத் தாளில் சுற்றி ஓவனில் வைப்பதுவரை தப்பில்லை. விருந்தாளிகள் மதியம் வந்தபோது வீடே மணத்தது. மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு பேரையும் அடுப்பங்கரை வாசலிலேயே நிற்கவைத்து, பூண்டை வதக்கி, தக்காளி சாஸும் வினிகரும் கடுகு விழுதும் சேர்த்தார். ஃபிரிட்ஜைத் திறந்தார். கதவுத் தட்டில் இரண்டு கோலா பாட்டில். கைக்கு எட்டியதை எடுத்து, தூக்கிப் பிடித்து, நுரை பொங்க ஊற்றினார்.

"இப்ப பாருங்க. பத்து நிமிஷத்துல தேன் மாதிரி வரும்."

பத்து நிமிஷம் ஆனது. இருபதும் ஆனது. கரண்டியின் பின்பக்கம் ஒட்டவேண்டிய சாஸ் வெறும் தண்ணீராக வழிந்தது. இன்னும் கொஞ்சம் கோலா ஊற்றினார். தீயைக் கூட்டினார். அடியில் தக்காளி பிடித்துக்கொண்டது. போர்மேன் ஒரு சொட்டைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"என்ன போர்மேன்?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் மருந்து வாசன."

மாஸ்டர் தானும் நக்கிப் பார்த்தார். இனிப்பே இல்லை; கசந்தது. முகத்தில் ஈயாடவில்லை. அப்போதுதான் பாட்டிலில் 'சர்க்கரை சேர்க்காதது' என்று எழுதியிருப்பது கண்ணில் பட்டது. அந்த நொடி தன்னை மட்டும் காப்பாற்றிக்கொள்ளத்தான் தோன்றியது. உரக்கவே சொன்னார்: "இவதான் பாட்டில மாத்தி வச்சிட்டா. ஒரு பொருள வச்ச எடத்துல வைக்கத் தெரியாது."

துணிக்கூடையோடு நடையில் நின்றிருந்த மனைவி அதைக் கேட்டாள். கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். பிறகு, "ஆமாங்க, நான்தான் மாத்தி வச்சிட்டேன்" என்றாள்.

மாற்றி வைக்கவெல்லாம் இல்லை. இரண்டு பாட்டிலும் எப்போதும் இருக்கும் இடத்தில்தான் இருந்தன. அது இருவருக்கும் தெரியும்.

ஸ்டோர் அக்கா பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "வீட்ல யாருக்கு சுகர்?"

"எனக்குத்தாங்க. நாலு வருஷமா."

"அப்ப இந்த சாஸ் பூசின ரிப்ஸ நீங்க சாப்பிடறதே இல்லையா?"

"எங்க சாப்பிடறது. நாக்கு நுனில ஒரு சொட்டு வச்சுப் பாப்பேன். இனிப்பு சரியா வந்திருக்கான்னு இவர் மூஞ்சியப் பாத்துத்தான் தெரிஞ்சுக்குவேன்." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. சட்டென்று கூடையைக் கீழே வைத்துவிட்டு, "நகருங்க, சட்டிய மாத்தறேன்" என்று உள்ளே வந்தாள்.

ஸ்டோர் அக்கா பாட்டிலை மூடி மேடையில் வைத்தார். போர்மேன் தன் கைவிரலையே ஆராய்ந்துகொண்டிருந்தார். மாஸ்டருக்கு அந்தச் சின்ன அடுப்பங்கரையில் எங்கே நிற்பதென்று தெரியவில்லை. வெட்கம் காதுவரை சுட்டது. பொய் வெளிப்பட்டதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அவளுக்குச் சுகர் என்று தெரியும். மாத்திரை வாங்கி வருவதே இவர்தான். ஆனால் ஃபிரிட்ஜில் எது அவள் பாட்டில் என்று இத்தனை நாளில் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தட்டில் என்ன இருந்தது என்று யோசித்தால் ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை.

அவள் வேறு சட்டியில் பூண்டைப் போட்டாள். இன்னொரு பாட்டிலைத் திறந்தாள். தூக்கிப் பிடிக்கவில்லை, நுரை காட்டவில்லை; சட்டியின் ஓரமாகச் சரித்து ஊற்றினாள். தீயைத் தணித்தாள். கால் மணி நேரத்தில் சாஸ் கரண்டியில் ஒட்டியது. மாஸ்டர் சொல்லாமலே பால்கனிக்குப் போய்க் கரியைப் பற்றவைத்தார். அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

சாப்பாட்டு மேசையில் போர்மேன் முதல் எலும்பை ஆட்டினார். கறி கழன்று தட்டில் விழுந்தது. "ஆஹா" என்றார். "இன்னிக்கு யாரு செஞ்சது?"

கேலியா, வாய்ப்புக் கொடுக்கிறாரா என்று தெரியவில்லை. மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் சேந்து செஞ்சோம்."

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் தொலைத்த சொல். வீட்டில் பத்திரமாக எடுத்துவைத்திருந்து, கேட்காமலே திருப்பிக் கொடுக்கிறாள். அவள் திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார்.

"இல்ல" என்றார். கையிலிருந்த எலும்பைத் தட்டில் வைத்தார். "இவ செஞ்சா. இன்னிக்கு மட்டும் இல்ல. எப்பவுமே இவதான் செஞ்சா. பாட்டிலயும் இவ மாத்தி வைக்கல."

ஒருவரும் அதிர்ச்சியடையவில்லை. ஸ்டோர் அக்கா அடுத்த எலும்பை எடுத்துக்கொண்டே சொன்னார்: "தெரியும் மாஸ்டர். போன வருஷம் இவங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தப்ப, ஒரு மாசம் பூரா வெறும் ரொட்டியும் ஜாமுந்தான கொண்டு வந்தீங்க."

போர்மேன் சிரித்துவிட்டார். மனைவிகூடச் சிரித்தாள். மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு மாதத்துக்கு அப்புறமும் திங்கட்கிழமைதோறும் இவர்கள் முன்னால் வகுப்பெடுத்தது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எல்லாம் தெரிந்துகொண்டே தலையாட்டிக் கேட்டிருக்கிறார்கள்.

தலையைக் குனிந்துகொண்டபோது பக்கத்துத் தட்டு கண்ணில் பட்டது. அதில் சாஸ் படாத இரண்டு விலா எலும்பு, வெறும் உப்பும் மிளகும் போட்டது. அவள் அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இதத்தான் எப்பவும் சாப்பிடறியா?" என்று அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"நாலு வருஷமா உங்க பக்கத்துல உக்காந்துதான் சாப்பிடறேன்" என்றாள் அவள், அதே அளவு மெதுவாக.