பெரிய இஞ்சின்

தணிகைவேல் நாக்கைச் சொடுக்கினான். மாடுகள் இரண்டும் சரிவில் இறங்கின. அவன் வடத்தின்மேல் தாவி உட்கார்ந்துகொண்டான். அவன் பாரமும் சேர்ந்து இழுக்க, கிணற்றிலிருந்து சால் மேலே வந்து தொட்டியில் தண்ணீரைக் கொட்டியது. பிறகு மாடுகள் பின்பக்கமாகவே நடந்து மேடேறின. விடிந்ததிலிருந்து இதே பாடுதான். பாகூர் வெயில் முதுகைப் பிளந்தாலும் கரும்புக்குத் தண்ணீர் நிற்கக் கூடாது.

நிலத்துக்காரர் அரங்கநாதன் வரப்பில் வந்தார். பின்னாலேயே தெற்குக் கிணற்றில் இதேபோல் மாடு கட்டிக் கவலை ஓட்டும் சுப்புராயனும் வந்தான்.

"டேய் தணிகைவேலு, புதுச்சேரியில தண்ணி எறைக்கிற இஞ்சின் பாத்துட்டு வந்தேன். பெரிசா ஒண்ணு வாங்கி தெற்குக் கெணத்துல வச்சிடலாமா, இல்ல சின்னதா ரெண்டு வாங்கி கெணத்துக்கு ஒண்ணா வைக்கலாமான்னு யோசனை. மச்சான் ரெண்டுதான் வாங்கச் சொல்றாரு. ஒண்ணு நின்னுபோனா இன்னொண்ணு ஓடுமாம். நீங்க இன்னாடா சொல்றீங்க?"

தணிகைவேல் மனசுக்குள் கணக்குப் போட்டான். சின்னதாக இரண்டு வந்தால் இரண்டு கவலையும் நின்றுவிடும். பெரிசாக ஒன்று வந்தால் சுப்புராயன் வேலையோடு போகும், தான் ஓட்டும் வடக்குக் கிணறு தப்பிக்கும். வேலை போனால் குடிசையும் போய்விடும், அது நிற்பது ஐயாவின் கொல்லையில். சுப்புராயன் தெற்குக் கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். எது வந்தாலும் அவன் பிழைப்புப் போச்சு.

"பெரிசே வாங்குங்கய்யா," என்றான் தணிகைவேல், தரையைப் பார்த்துக்கொண்டு. "ரெண்டு நோஞ்சான் ஜோடி இழுக்கிறத ஒரு நல்ல ஜோடி இழுத்துடாதா? மாட்டுக்கு உள்ளதுதான மிஷினுக்கும்?"

அரங்கநாதன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "என் மனசுல இருந்ததையே சொல்லிட்டடா!"

சாயங்காலம் கூழ் ஊற்றும்போது அவன் மனைவி சிந்தாமணி கேட்டாள்.

"ஏன்யா, சுப்புராயன் வூட்ல பச்சப்புள்ளைங்க இருக்குதே, அதுங்க இன்னா பண்ணும்?"

"நம்ம வூட்ல இருக்கிறது இன்னா காக்கா குஞ்சா?" என்று எரிந்து விழுந்தான். ஆனால் கூழைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்துவிட்டான்.

இஞ்சின் வந்தது. எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டி ஓட்டினார்கள். அடேயப்பா, செலியமேடு வரைக்கும் சத்தம் கேட்டது! சுப்புராயன் குடிசையைப் பிரித்துக்கொண்டு காட்டேரிக்குப்பம் பக்கம் கூலிக்குப் போய்விட்டான். தண்ணீர் பாய்ந்த பாய்ச்சலைப் பார்த்த அரங்கநாதன் வடக்குக் கரும்புக்கும் வாய்க்கால் இழுக்கச் சொன்னார். வெட்டினவன் தணிகைவேல்தான். வெட்டி முடித்த கையோடு வடக்குக் கிணற்று மாடுகளும் சந்தைக்குப் போயின.

"ஐயா, வடக்குக் கெணறு?"

"அதான் பெரிசு இருக்குதே! நீ மடை திருப்பிக்கிட்டுக் கெட. உன் குடிசைய ஒண்ணும் பிரிக்கச் சொல்லலையே."

சித்திரையில் இஞ்சினுக்குள் ஏதோ உடைந்து அது நின்றுபோனது. சாமான் சீமையிலிருந்து வரவேண்டும். யுத்த காலத்தில் கப்பல் எங்கே வருகிறது? கரும்புத் தோகை சுருண்டது. ஊரில் அவரவர் மாடு அவரவர் கிணற்றில் இருந்தது. அந்தக் கோடையில் விற்கவும் ஆளில்லை, இரவல் தரவும் ஆளில்லை.

அரங்கநாதன் குடிசை வாசலுக்கே வந்துவிட்டார்.

"நீதானடா பெரிசு வாங்கச் சொன்ன?"

அரங்கநாதன் வடக்குக் கிணற்றைக் கை காட்டினார்.

"மாடு கெடைக்கிற வரைக்கும் ஆளு இழுக்கட்டும். சுப்புராயனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன். ஒரு ஆளு பத்தாது."

சுப்புராயன் வந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கிணற்றடியில் கிடந்த நுகத்தையும் தணிகைவேலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இன்னாடா, நாம நல்ல ஜோடியா, நோஞ்சான் ஜோடியா?"

"என்னைய வெட்டிப் போட்டுடு சுப்புராயா."

"மொதல்ல நுகத்தத் தூக்கு."

தோளில் துண்டை மடித்துப் போட்டு நுகத்தை ஏற்றிக்கொண்டார்கள். மாட்டு வேகம் இல்லாததால் சால் தானாகக் கவிழவில்லை; அதைக் கவிழ்க்கச் சிந்தாமணி தொட்டியருகே நின்றாள். சரிவில் இறங்கி இழுப்பதும், பின்பக்கமாக நடந்து மேடேறுவதுமாக வெயில் உச்சிக்கு வந்தது. தணிகைவேலின் தோல் உரிந்து துண்டில் ஒட்டியது. சிந்தாமணி அந்தப் பக்கமே பார்க்காமல் சாலைக் கவிழ்த்தாள்.

ஒருதரம் மேட்டில் இருவரும் மூச்சு வாங்க நின்றுவிட்டார்கள். குடை பிடித்துக் கரையில் நின்ற அரங்கநாதன், காய்ந்த கரும்பைப் பார்த்தபடியே நாக்கைச் சொடுக்கினார்.

இரண்டு பேரும் சரிவில் இறங்கினார்கள்.